ஏழாம் அறைப் பேராசிரியர்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மானமாவது மிஞ்சும்.

ஜெர்மனியில் மருத்துவம் படிக்க ஆசைப்படும் பள்ளி மாணவனை வேவு பார்க்கப் பல்கலைக்கழகம் ஆள் அனுப்பும். அந்த ஆள் ஒரு பெரிய பேராசிரியராக இருப்பார். நோயாளி வேடம் போட்டுக்கொண்டு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருப்பார். நாம் பெட்பேன் எடுக்கும் அழகைப் பார்த்து மார்க் போடுவார். இப்படி நான் நம்பினேன். ஏதோ போகிறபோக்கில் நம்பவில்லை. சாமியை நம்புகிற மாதிரி நம்பினேன்.

அந்த நம்பிக்கையின் பேரில்தான், எழுபதுகளில் ஒரு ஜூலை மதியம், ஆஹென் நகரத்து மருத்துவமனை ஒன்றின் ஏழாம் அறையில், குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவரின் தலைமாட்டில் நின்றேன். என் இடது கையில் காலி யூரின் பாட்டில். வலது கை கட்டைவிரலில் பழனித் திருநீறு.

ஜன்னல் பாதி திறந்திருந்தது. தரை மெழுகு வாசனையும், மத்தியானம் ஊற்றிய புதினாத் தேநீரின் வாசனையும் அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. கிழவரின் வெள்ளை மீசை குறட்டைக்கு ஏற்ற மாதிரி ஏறி இறங்கியது. கட்டைவிரலை நெற்றிக்குக் கொண்டுபோனேன். திரும்ப எடுத்தேன். மறுபடி கொண்டுபோனேன்.

அந்த விரல் அங்கேயே நிற்கட்டும். அது அங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எல்லாம் இன்டர்வியூதான்

என் அப்பா ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உலோகங்களை உடைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். திருச்சியிலிருந்து அறுபதுகளில் தனியாக வந்தவர், பிறகு அம்மாவையும் என்னையும் வரவழைத்துக்கொண்டார். போன வாரம் நான் எழுதிய அந்தக் குளிர்கால ஓவர்கோட் விவகாரம் அந்தக் காலத்தில் நடந்ததுதான். (அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு பயந்த ஆள் எப்படி ஐரோப்பாவில் தாக்குப்பிடித்தீர்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பயந்துகொண்டேதான், ஐயா.)

அப்பாவுக்கு உலகத்தைப் பற்றி ஒரே ஒரு கொள்கை உண்டு. வாழ்க்கை என்பது முடிவே இல்லாத ஓர் இன்டர்வியூ. "பஸ்ல பக்கத்து சீட்காரன்கிட்டகூட நிமிந்து உக்காந்து பேசுடா. எவன் எந்த கமிட்டில இருக்கான்னு யாருக்குத் தெரியும்?" என்பார். நான் பேருந்தில் நிமிர்ந்து உட்கார்ந்தே வளர்ந்தேன். இன்றைக்கும் என் முதுகு வலிக்குக் காரணம் அதுதான்.

ஜெர்மனியில் மருத்துவப் படிப்பு நம்மூர் மாதிரிதான். இடையில் வேறு பட்டம் கிடையாது. பள்ளி இறுதித் தேர்வு எழுதியதும் நேரே அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒரு கொக்கி உண்டு. இரண்டு மாதம் ஏதாவது ஒரு மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, செய்தேன் என்று சான்றிதழ் வாங்க வேண்டும். வெள்ளைக் கோட்டுக்கு ஆசைப்பட்டு வருகிறவனை வாசலிலேயே வடிகட்டுவதற்கான ஏற்பாடு அது. இடங்கள் கொஞ்சம், கேட்பவர்கள் ஏராளம். கெட்டிக்காரப் பிள்ளைகள் பள்ளி விடுமுறையிலேயே அந்த இரண்டு மாதத்தை முடித்து வைத்துக்கொள்வார்கள்.

அப்பா இந்தச் செய்தியோடு வீட்டுக்கு வந்த அன்று அம்மா வெண்டைக்காய்க்குப் பதிலாக ஜெர்மன் பீன்ஸை வதக்கிக்கொண்டிருந்தாள்.

"நர்ஸ் வேலையா பாக்கணும் இவன்?"

"நர்ஸ் வேலை இல்ல. நர்ஸுக்கு ஹெல்ப் பண்ற வேலை."

"அதுக்கும் கீழயா?" என்றாள் அம்மா.

அதோடு விட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பாஸ்கர் அண்ணன் வந்தார்.

பாஸ்கர் அண்ணன் சொன்ன ரகசியம்

பாஸ்கர் அண்ணன் அப்பாவின் துறையில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். மதுரைக்காரர். மாணவர் விடுதியில் உருளைக்கிழங்கைத் தின்று தின்று நாக்கு செத்துப்போய், ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுச் சாம்பாருக்கு வருவார். பதிலுக்குத் தகவல்கள் தருவார். நேரில் பார்த்திராத விஷயங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவுக்கு, பார்த்தவர்களுக்குத் தெரியாது.

"டேய், சர்டிஃபிகேட் எல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிடா" என்றார் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே. "நம்மூர்ல எக்ஸாம்னா டேட் போடுவான், ஹால் டிக்கெட் குடுப்பான். இவன் அப்படி இல்ல. இவன் சைலன்ட்டா அப்சர்வ் பண்ணுவான். மெடிக்கல் ஃபேகல்ட்டில இருந்து ஒரு ப்ரொஃபசரையே பேஷன்ட் மாதிரி அட்மிட் பண்ணிடுவானாம்."

"நிஜமாவா அண்ணா?"

"என் ஹாஸ்டல்ல ஒருத்தன் ரூம்மேட்டோட ஃப்ரெண்ட் அப்படித்தான் அவுட் ஆனான். பேஷன்ட்னு நெனச்சு ஒரு ஆளை 'சும்மா பெல் அடிக்காதீங்க'ன்னு சொல்லிருக்கான். கடைசில பாத்தா ஹெட் ஆஃப் தி டிபார்ட்மென்ட்."

நான் அப்பாவைப் பார்த்தேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பல வருடக் கொள்கைக்கு ஆதாரம் கிடைத்த முகம் அது.

"அப்படித்தான் இருக்கும்" என்றார். "ஜாக்கிரதை."

பூச்சாடி உத்தியோகம்

மருத்துவமனையில் எங்கள் பிரிவை ஆண்டவர் சிஸ்டர் அடெல்குண்ட். கன்னியாஸ்திரீ. கஞ்சி போட்டு விறைத்த வெள்ளை முக்காட்டுக்குள் சின்ன முகம். அவர் நடந்தால் சத்தம் வராது. சாவிக்கொத்து மட்டும் பேசும். (இந்தக் கட்டுரையில் வரும் ஜெர்மன்காரர்கள் எல்லாரும் திருச்சித் தமிழ் பேசுவார்கள். எனக்குச் சரளமாக வருவது அதுதான்.)

"ரெண்டு மாசம்" என்றார் முதல் நாள். "ஒழுங்கா இருந்தா கையெழுத்துப் போடுவேன். இல்லன்னா போட மாட்டேன்."

ஸ்டெதஸ்கோப் எப்போது தருவார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காத புத்திசாலித்தனத்துக்கு இன்றுவரை என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். எனக்குத் தரப்பட்டவை: மெத்தை விரிப்பு, பெட்பேன், தேநீர் வண்டி, பூச்சாடிகள்.

பூச்சாடி என்றா சொன்னேன்? ஆமாம். அந்த நாட்டில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிள், ஆரஞ்சு வாங்கி வர மாட்டார்கள். பூங்கொத்து வாங்கி வருவார்கள். ராத்திரியில் பூக்கள் அறைக் காற்றைக் குடித்துவிடும், நோயாளிக்கு மூச்சு முட்டும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. ஆகவே சாயங்காலம் எல்லா அறைப் பூச்சாடிகளையும் வெளியே எடுத்துத் தாழ்வாரத்தில் வரிசையாக வைக்க வேண்டும். காலையில் எந்தச் சாடி எந்தக் கட்டிலுக்கு என்று மாறாமல் திரும்ப வைக்க வேண்டும். எதிர்கால மருத்துவனான நான் ரோஜாவையும் கார்னேஷனையும் தூக்கிக்கொண்டு மாலையும் காலையும் நடந்தேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன்கூட அவ்வளவு பூ சுமந்திருக்க மாட்டான்.

இதற்கு நடுவே என் கண்கள் ஒவ்வொரு கட்டிலாக மேய்ந்தன. இவரா பேராசிரியர்? அவரா? கால் உடைந்த ஒருவரைச் சந்தேகித்தேன். பிறகு, வேடத்துக்காக எவன் நிஜமாகவே காலை உடைத்துக்கொள்வான் என்று அவரை விட்டுவிட்டேன்.

அப்போதுதான் ஏழாம் அறைக்கு ஹெர் ஷ்மிட்ஸ் (ஹெர் என்றால் நம்மூர் 'திரு') வந்து சேர்ந்தார்.

ஐந்து எழுத்தில் ஒரு சுரப்பி

ஹெர் ஷ்மிட்ஸுக்குக் குடலிறக்கம். ஹெர்னியா. வயிற்றுக்குள் இருக்கிற சமாச்சாரம்; வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. இது முதல் ஆதாரம்.

அவரிடம் மூக்குக் கண்ணாடி, ஃபவுண்டன் பேனா, மடித்த காகிதம் மூன்றும் எந்நேரமும் இருந்தன. இது இரண்டாவது.

மூன்றாவதுதான் என்னைத் தீர்த்துக்கட்டியது. தலைமை மருத்துவர் காலையில் வலம் வருவார். அது நம் கோயில் உற்சவம் மாதிரி: முன்னால் சாமி, பின்னால் சின்ன டாக்டர்கள், அவர்களுக்குப் பின்னால் சிஸ்டர், கடைசியில் தீவட்டிக்குப் பதில் பஞ்சு வண்டியோடு நான். மற்ற கட்டில்களில் சாமி நிற்கவே நிற்காது. ஏழாம் அறையில் மட்டும் நின்றது. தலைமை மருத்துவர் குனிந்து, அந்த ஊர் வட்டாரப் பேச்சில், எனக்கு விளங்காத ஏதோ சொல்ல, ஷ்மிட்ஸ் பதில் சொல்ல, இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பஞ்சு வண்டியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அன்று மதியமே வாய்மொழித் தேர்வு தொடங்கியது.

"தம்பி, இங்க வா" என்றார் ஷ்மிட்ஸ், காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல். "மனுஷ உடம்புல ரொம்பப் பெரிய சுரப்பி எது?"

எனக்கு வியர்த்தது. "கல்லீரல், ஹெர் ஷ்மிட்ஸ். வயிற்றின் வலது மேற்பகுதியில், உதரவிதானத்துக்குக் கீழே அமைந்துள்ளது. அதன் பணிகளாவன..."

"போதும் போதும். கல்லீரல். அஞ்சு எழுத்து. சரியா வருது."

ஐந்து எழுத்துக்கு மேல் பேசாதே என்கிறார். சுருக்கமாகப் பதில் சொல்பவனுக்குத்தான் மார்க். குறித்துக்கொண்டேன்.

"ரைன்ல போய்ச் சேர்ற ஆறு ஒண்ணு சொல்லு."

பொது அறிவு! நம்மூர் இன்டர்வியூவிலும் இதே முறைதான் என்று அப்பா சொல்லியிருக்கிறாரே. "மோசல்" என்றேன், மூச்சுவிடாமல்.

"கெட்டிக்காரன்" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

அது குறுக்கெழுத்துப் போட்டி. நீங்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டீர்கள். உங்களுக்கு மருத்துவக் கல்லூரி இடம் வேண்டியிருக்கவில்லை, அதனால் மூளை வேலை செய்கிறது.

அன்றிலிருந்து ஏழாம் அறைக்கு ராஜ உபசாரம். மூன்று மணி காப்பிக்கு வருகிற கேக்கில் மேலே செர்ரி வைத்த துண்டு அவருக்கு. எல்லாருக்கும் ஒரு தலையணை, அவருக்கு மூன்று. அறுவைச் சிகிச்சை முடிந்ததும் கவனிப்பை இன்னும் கூட்டினேன். அறைக்குள் நுழையும்போது கைகளை முன்னால் கோத்து, தலையைத் தாழ்த்தி, குரலைக் குறைத்துப் பேசினேன். நம்மிடம் பெரிய மனுஷருக்கு மரியாதை என்றால் பூதானே? வீட்டுக்குப் போன நோயாளிகள் விட்டுச்சென்ற நல்ல பூக்களையெல்லாம் பொறுக்கி, சிஸ்டர் கண்ணில் படாத நேரத்தில், ஷ்மிட்ஸின் தலைமாட்டிலும் இரண்டு பக்கமும் அடுக்கினேன். வெள்ளை லில்லி நிறையக் கிடைத்தது.

பக்கத்துக் கட்டில்காரரும் வீட்டுக்குப் போய்விட, ஷ்மிட்ஸ் அந்தப் பூக்களுக்கு நடுவே தனியாகப் படுத்திருந்தார். கொஞ்ச நாளாகவே என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்திருந்தார். என் திறமையை வியக்கிறார் என்று நினைத்தேன்.

வீட்டில் தினமும் அறிக்கை கொடுத்தேன். அம்மாவுக்குப் பேராசிரியர் மேல் கரிசனம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள்.

"பரீட்சை வெக்கிறவர் மனசு குளுந்து இருக்கணும்டா. அவருக்கு ஒரு கீத்து வெச்சு விடு."

"அவர் கிறிஸ்டியன்மா."

"அவர்தானே கிறிஸ்டியன். பழனியாண்டவர் கிறிஸ்டியன் இல்லயே" என்றாள்.

பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

விரல் இறங்கியது

ஆக, அந்த ஜூலை மதியம். குறட்டை. புதினா வாசனை. கட்டைவிரல்.

"முருகா, இவர் மனசு குளிரணும்" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே, புருவங்களுக்கு நடுவில் ஒரு கீற்று இழுத்தேன்.

ஷ்மிட்ஸ் கண்ணைத் திறந்தார்.

தலைமாட்டில் வெள்ளை உடையில் ஒருவன் முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறான். சுற்றிலும் லில்லி, அந்த ஊரில் சவப்பெட்டியைச் சுற்றி வைக்கிற பூ. நெற்றியில் எதுவோ உறுத்துகிறது. அவர் கை மெல்ல எழுந்து, சவரக் கண்ணாடியை மேசையிலிருந்து எடுத்தது. பார்த்தார்.

நம் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். அந்தப் பகுதி முழுக்கக் கத்தோலிக்கர்கள். அவர்கள் ஊரிலும் நெற்றியில் சாம்பல் பூசுவதுண்டு, வருடத்தில் ஒரு நாள், தவக்காலம் தொடங்கும் புதன்கிழமை. "மண்ணாய் இருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்று சொல்லி, பாதிரியார் கட்டைவிரலால்தான் பூசுவார். அது பிப்ரவரி வாக்கில் வரும். ஜூலையில், படுத்திருக்கிறவனின் நெற்றியில் கட்டைவிரல் படுகிறதென்றால் அது வேறு. அது சாகிறவனுக்குச் செய்கிற கடைசிச் சடங்கு.

ஷ்மிட்ஸின் முகம் தலையணை நிறத்துக்கு வந்தது. "யாரு... யாரு வந்துட்டுப் போனாங்க?"

நான் கைகளை முன்னால் கோத்தேன். தலையைத் தாழ்த்தினேன். என்னிடமிருந்த மிக மென்மையான குரலை எடுத்தேன்.

"யாரும் வரல, ஹெர் ஷ்மிட்ஸ். நீங்க எதையும் நெனைக்காம அமைதியா இருங்க."

கறுப்புக் கோட்டு

அன்று மாலை அவர் சாப்பிடவில்லை. மறுநாள் நடக்க மறுத்தார். தலைமை மருத்துவர் வந்து, "எல்லாம் நல்லா ஆறிட்டு வருது, இந்த வாரமே வீட்டுக்குப் போலாம்" என்று தோளில் தட்டினார்.

ஷ்மிட்ஸ் அவரைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என் பொண்டாட்டிகிட்டயும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, டாக்டர். வேற ஆஸ்பத்திரி. ஆனா சிரிப்பு இதேதான்."

அந்தக் காலத்தில் அங்கே கெட்ட செய்தியை நோயாளியிடம் சொல்கிற வழக்கம் இல்லை. அது எல்லா நோயாளிக்கும் தெரியும்.

அவர் பாதிரியாரை வரவழைத்தார். "ஆரம்பிச்சதை ஒழுங்கா முடிச்சுடுங்க, சாமி" என்றார். நான் எதையும் ஆரம்பிக்கவில்லையே என்று பாதிரியார் விழித்தார். சேதி சிஸ்டர் அடெல்குண்டின் காதுக்குப் போயிற்று. சாவிக்கொத்து தாழ்வாரத்தில் விரைந்து வந்தது. எங்கள் எல்லாரையும் தேநீர் அறையில் நிற்க வைத்தார்.

"யாரோ என் நோயாளிக்குச் சாம்பல் பூசிப் பயமுறுத்தியிருக்காங்க. யாருன்னு தெரிஞ்சா அந்த ஆள் அன்னிக்கே வெளிய. சான்றிதழும் கிடையாது, சமாதானமும் கிடையாது." கொஞ்சம் நிறுத்தினார். "சிரிக்கிற விஷயம் இல்ல இது. ஆபரேஷன் ஆனவர் நடக்காம படுத்தே கெடந்தா கால்ல ரத்தம் கட்டும். கட்டின ரத்தம் நெஞ்சுக்குப் போச்சுன்னா, அவர் எதை நெனச்சுப் பயப்படறாரோ அது நடந்துடும்."

பொட்டலம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. அது ஒரு செங்கல் கனம் கனத்தது.

என்றாலும் என் மூளை விட்டுக்கொடுக்கவில்லை. எவ்வளவு அற்புதமாக நடிக்கிறார் என்று வியந்துகொண்டேன். இது தேர்வின் இறுதிச் சுற்று. மன உறுதியைப் பார்க்கிறார்கள். வாயைத் திறக்கக் கூடாது.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் ஒரு கிழவர் வந்தார். ஷ்மிட்ஸ் மாதிரியே மீசை. ஜூலை வெயிலில், அங்கே சாவுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டு. தம்பியாம், அண்ணன் சாகக் கிடக்கிறார் என்று சேதி கேட்டு வந்தாராம். அப்பன் வீட்டை விற்ற தகராறில் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். வாசலிலேயே நின்று தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தார். ஷ்மிட்ஸ் கையை நீட்டினார். இரண்டு மீசைகளும் சேர்ந்து அழுதன. நான் கேக் தட்டோடு நடுவில் மாட்டிக்கொண்டேன்.

"புறாவை எல்லாம் நீ எடுத்துக்கோ" என்றார் ஷ்மிட்ஸ். "நீல நெறத்துப் பொட்டைக்கு மட்டும் சோளம் ஒடைச்சுப் போடணும். மறந்துடாத."

"நான் பாத்துக்கறேன்."

"டிராம் ஓட்டின யூனிஃபார்ம் அலமாரில இருக்கு. என்னை அதுல வெச்சு அடக்கம் பண்ணு. பித்தானுக்கு மட்டும் கொஞ்சம் பாலிஷ் போட்டுடு."

டிராமா?

"ஊர்லயே நீதான் நல்ல டிராம் டிரைவர்" என்று தம்பி விம்மினார். "நம்ம பெரிய டாக்டரையே அவர் பள்ளிக்கூடம் போன காலத்துல நீதானே தெனமும் ஏத்திட்டுப் போவே."

கேக் தட்டை மேசையில் வைத்தேன். செர்ரி உருண்டு கீழே விழுந்தது. பேராசிரியர் அல்ல. எந்தக் காலத்திலும் பேராசிரியர் அல்ல. டிராம் ஓட்டிய மனுஷன், பொழுதுபோகாமல் குறுக்கெழுத்து போட்டிருக்கிறார்.

தாழ்வாரத்துக் கடைசியில் இருந்த காசு போடும் தொலைபேசிக்கு ஓடினேன். ஆய்வுக்கூடத்தில் பாஸ்கர் அண்ணனைப் பிடித்தேன்.

"அண்ணா! அவர் டிராம் டிரைவர்ணா! தம்பி வந்து அழறார்ணா!"

அண்ணன் உணர்ச்சிவசப்பட்ட குரலில் சொன்னார்: "தம்பியைக்கூட செட் பண்ணிருக்கான் பாத்தியா? என்னா பர்ஃபெக்ஷன்டா! இதுக்குத்தான்டா ஜெர்மனி வேணும்கறது!"

தொலைபேசியை வைத்தேன்.

சிஸ்டர் கேட்ட ஒரே கேள்வி

பயத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று வயிற்றில் இருக்கும், கழிப்பறைக்குப் போனால் சரியாகிவிடும். மற்றது காலில் இருக்கும். எனக்கு அன்று இரண்டும் ஒன்றாக வந்தன. கழிப்பறையில் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன்: சொன்னால் மருத்துவம் போச்சு. அப்பாவின் முகம், அம்மாவின் பழனி, எல்லாம் போச்சு. சொல்லாவிட்டால் அவர் கட்டிலை விட்டு எழ மாட்டார். டாக்டர் சொன்னாலும் நம்ப மாட்டார், பாதிரியார் சொன்னாலும் நம்ப மாட்டார். அந்தச் சாம்பல் எங்கிருந்து வந்தது என்று சொல்லக்கூடிய ஆள் ஊரில் ஒருவன்தான். அவன் கழிப்பறையில் இருக்கிறான்.

சிஸ்டரின் அறைக் கதவைத் தட்டினேன். எல்லாவற்றையும் கொட்டினேன். பேராசிரியர், வேவு, கல்லீரல், லில்லி, பழனி. என் ஜெர்மன் இலக்கணம் பாதியிலேயே இறந்துபோயிற்று. கடைசியில் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

சிஸ்டர் அடெல்குண்ட் பொட்டலத்தைப் பிரித்தார். முகர்ந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதை எதை எரிச்சுப் பண்ணுவாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். சந்தனம் என்றிருக்கலாம். எனக்கு அப்போது எதுவுமே தோன்றவில்லை.

"பசுஞ்சாணி, சிஸ்டர்."

வாழ்நாளெல்லாம் ஸ்பிரிட்டும் சோப்புமாக வாழ்ந்த அந்த அம்மாளின் முகத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை. பொட்டலத்தை இரண்டு விரலால் தூரத் தள்ளினார். "என் அறுவைச் சிகிச்சைப் பிரிவுல" என்றார். அவ்வளவுதான். வாக்கியத்தை முடிக்கவில்லை. எழுந்து, ஸ்பிரிட் பாட்டிலையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்து ஏழாம் அறைக்குள் தள்ளினார்.

"சொல்லு அவர்கிட்ட. நீயே சொல்லு."

சொன்னேன். தம்பிக்காரர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். ஷ்மிட்ஸ் கூரையைப் பார்த்தபடியே கேட்டார். நான் அவரைப் பேராசிரியர் என்று நினைத்ததைச் சொன்னபோது ஒரு கண் என் பக்கம் திரும்பியது. சாணியைச் சொன்னபோது இரண்டும் திரும்பின.

"மாட்டுச் சாணியா?"

"ஆமா, ஹெர் ஷ்மிட்ஸ். சுத்தமானது. மாடு எங்களுக்குப் புனிதம்."

"பாதிரியார் வரவே இல்ல?"

"வரவே இல்ல."

"கடைசிச் சடங்கு இல்ல?"

"எனக்கு நல்ல மார்க் போடணும்னு வேண்டிக்கிட்டதுதான்."

அறையில் ஓர் ஈ சுற்றிக்கொண்டிருந்தது. ஷ்மிட்ஸின் மீசை துடித்தது. வயிற்றுத் தையலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, சிரிக்க வெக்காதே, பாவி, தையல் பிரியுது" என்று அலறிக்கொண்டே சிரித்தார். தம்பிக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி, "அப்ப நான் உன்னை எதுக்கு மன்னிச்சேன்?" என்று கேட்டார்.

"நீ குடுத்தது குடுத்ததுதான்" என்றார் ஷ்மிட்ஸ். "திருப்பித் தர மாட்டேன். கையைக் குடு, எந்திரிக்கணும்."

ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் நான். தாழ்வாரத்தின் கடைசி வரை நடந்தார். நடந்துகொண்டே என்னைத் திட்டினார். அந்த ஊர் வட்டாரப் பேச்சில் திட்டியதால் முழுதாக விளங்கவில்லை. விளங்கிய வரைக்கும் போதுமானதாக இருந்தது.

சில நாளில் தன் காலாலேயே நடந்து வீட்டுக்குப் போனார். புறாக்களைத் தம்பி ஏற்கனவே கூடையில் வைத்துத் தன் ஊருக்குக் கொண்டுபோய், அன்போடு கூட்டைத் திறந்துவிட்டிருக்கிறார். அவை பந்தயப் புறாக்கள், எங்கே கொண்டுபோய் விட்டாலும் பழைய வீட்டுக்கே பறந்து வருபவை. ஷ்மிட்ஸ் வீடு போய்ச் சேரும்போது எல்லாம் கூரைமேல் உட்கார்ந்திருந்தனவாம்.

இரண்டு மாதம்

என்னை வெளியே தள்ளுவார் என்றுதான் காத்திருந்தேன். சிஸ்டர் அடெல்குண்ட் இரண்டு நாள் என்னிடம் பேசவே இல்லை. மூன்றாம் நாள் தேநீர் வண்டியை வழிமறித்தார்.

"இங்க யாரும் உன்னை வேவு பாக்கல. யாரும் மார்க் போடல. நீ இதுவரைக்கும் ஒரே ஒரு நோயாளியைக் கவனிச்சே, அதுவும் அவரைப் பரீட்சைன்னு நெனச்சு. அதை நான் பணிவிடைன்னு கணக்குல எடுத்துக்க மாட்டேன். நாளையிலேருந்து ஒண்ணாம் நாள்."

அந்தக் கோடை விடுமுறையின் மிச்சம், இலையுதிர் கால விடுமுறை, ஈஸ்டர் விடுமுறை என்று ஒட்டுப்போட்டு இரண்டு மாதத்தை முடித்தேன். எல்லாருக்கும் ஒரு தலையணை வைத்தேன். செர்ரி எந்தத் துண்டில் இருக்கிறது என்று பார்க்காமல் கேக் கொடுத்தேன். கால் உடைந்தவர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவர் இறந்தும் போனார். அவருடைய பூச்சாடியை வெளியே எடுத்தவன் நான்தான். காலையில் அதைத் திரும்ப வைக்க இடமில்லாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

சான்றிதழ் தட்டச்சில் வந்தது. என் பெயர், தேதிகள், கையெழுத்து. அப்பா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையை இன்னோர் உறையில் போட்டார். பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண் போதாததால் சில வருடம் வரிசையில் காத்திருந்தேன். அந்த இடைவெளியில் மருத்துவமனைக் கட்டில்களைத் தள்ளியே சம்பாதித்தேன். பிறகு இடம் கிடைத்தது.

சேர்க்கைக்குப் போன அன்று, அலுவலகச் சன்னலுக்குள் இருந்த பெண்ணிடம் இரண்டு உறைகளையும் கழற்றிச் சான்றிதழைக் கொடுத்தேன். அவர் அதை வாசிக்கவில்லை. ஓரத்தில் இரண்டு துளை போட்டு, கோப்பில் மாட்டிவிட்டு, "அடுத்தவர்" என்றார்.